பெட்டகத்தின் அடியில் தினமும் மா கொட்டுகிறது

கேள்வி: எங்கள் வீடு திருகோணமலை உவர்மலையில். அம்மம்மாவின் பெட்டகம் ஒன்று எங்களிடம் இருக்கிறது. தேக்கும் முதிரையும் கலந்து செய்து பித்தளைப் பூண் போட்டது. 1942 இல் யப்பான் விமானங்கள் துறைமுகத்தில் குண்டு போட்டபோது, அம்மம்மா இதை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டுதான் தம்பலகாமத்துக்குப் போனாராம். மூன்று வருடத்துக்கு முன் மாரியில் கூரை ஒழுகி, பெட்டகத்தின் அடிப்பலகை ஊறி உக்கிப்போனது. ஒரு தச்சுவேலைக்காரரைப் பிடித்து அடிப்பலகையையும் பின்பக்கத்தில் ஒரு துண்டையும் மாற்றினோம். இப்போது ஆறு மாதமாகப் பெட்டகத்தின் கீழே தினமும் கோதுமை மா மாதிரித் தூள் கொட்டிக் கிடக்கிறது. அப்பாவின் சாய்மனைக் கதிரையில் ஒரு காலடியிலும் ரவை போல ஏதோ விழுகிறது. அம்மம்மாவின் இடியப்ப உரலிலும் நாலைந்து ஓட்டை. பக்கத்து வீட்டார் மண்ணெண்ணெய் பூசச் சொல்கிறார்கள். கணவருக்குத் தெரிந்த ஒருவர், நெல் ஸ்டோரில் வைக்கும் குளிசை இரண்டு தருகிறேன், பெட்டகத்துக்குள் வைத்து மூடிவிடுங்கள் என்கிறார். கூரை வளைக்கும் ஏறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எல்லாவற்றையும் எரித்துவிடுவதுதான் நல்லதா?
— வாசகி ஒருவர், உவர்மலை

பதில்:

வணக்கம் சகோதரி. எதையும் எரிக்க வேண்டாம். ஒரு பலகையை மட்டும் எரிக்க வேண்டி வரலாம், அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்தக் குளிசை. உங்கள் கடிதத்தில் அந்த வரிக்கு வந்ததும் மிச்சத்தைப் படிக்க மனம் வரவில்லை. நெல் ஸ்டோரில் வைப்பது பெரும்பாலும் அலுமினியம் பொஸ்பைட். காற்றில் இருக்கும் ஈரம் பட்டாலே அதிலிருந்து பொஸ்பீன் என்ற நச்சுவாயு கிளம்பும். பெட்டகம் காற்றுப் புகாத பாத்திரம் இல்லை. மூடிக்கும் உடம்புக்கும் இடையில், பலகை மூட்டுகளில், திறப்பு போடும் துவாரத்தில் எல்லாம் வாயு வெளியே வரும். இரவில் கதவு யன்னலைப் பூட்டிவிட்டு அதே வீட்டில் நீங்கள் படுத்திருப்பீர்கள். அந்த வாயுவுக்கு முறிமருந்து கிடையாது. இதனால் குடும்பத்தோடு உயிர் போன வீடுகள் உண்டு. பயிற்சி பெற்றவர்கள், ஆள் இல்லாத இடத்தில், அளவு கருவியோடு செய்கிற வேலை அது. இன்னொன்றும் சொல்ல வேண்டும், பொஸ்பீன் செம்பையும் பித்தளையையும் அரித்துக் கறுப்பாக்கிவிடும். அம்மம்மா துலக்கித் துலக்கி வைத்திருந்த பூண் அதோடு போய்விடும். குளிசை ஏற்கனவே வீட்டுக்கு வந்திருந்தால் திறக்காமல், நனையாமல், தந்தவரிடமே இன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சரி, இனிப் பெட்டகத்துக்கு வருவோம்.

மருந்தைத் தேடுமுன் தூளைப் பாருங்கள். பெட்டகத்தின் கீழே விழுந்ததில் ஒரு சிட்டிகை எடுத்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துத் தேயுங்கள். முகத்துக்குப் பூசும் பவுடர் போல வழுவழுவென்று விரல் ரேகைக்குள் போய் ஒட்டினால் அது உளு. நறுநறுவென்று மணி மணியாக உருண்டால் வேறு பூச்சி. நீங்களே ஒன்றை மா என்றும் மற்றதை ரவை என்றும் பிரித்து எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு சொல்லிலேயே பாதி விடை இருக்கிறது. பெட்டகத்தில் ஒரு பூச்சி, கதிரையில் இன்னொன்று. ஒரே வைத்தியம் இரண்டுக்கும் சரிவராது.

உளு என்று நாம் சொல்வது புழுவை. அதன் தாய் செம்மண் நிறத்தில், நீட்டாக, ஒரு அரிசி மணியைவிடச் சின்னதாக இருக்கும் வண்டு. லிக்டஸ் என்பார்கள். அது மரத்தின் துளைகளுக்குள் முட்டை வைக்கும். பொரித்த புழு மரத்துக்குள்ளேயே மாதக்கணக்கில் இருந்து தின்னும். வளர்ந்து வண்டானதும் வெளியே வருவதற்குத்தான் அந்த ஓட்டை. நீங்கள் காண்கிற ஒவ்வொரு ஓட்டையும் பூச்சி போன வழி, வந்த வழி அல்ல. அதனால்தான் ஓட்டைக்குள் மருந்து ஊற்றிவிட்டோம், எல்லாம் முடிந்தது என்று இருந்துவிட முடியாது.

இந்தப் புழு மரத்தில் தேடுவது மாச்சத்தை. மாச்சத்து இருப்பது மரத்தின் வெளிப்பக்கத்து வெள்ளையில். நடுவில் இருக்கும் வைரத்தில் அதற்குத் தீனி இல்லை. வைரம் பாய்ந்த முதிரையை உளு தொடாது, தேக்கின் வைரத்தையும் தொடாது. வெள்ளையிலும்கூட வருடம் போகப் போக மாச்சத்து குறைந்துகொண்டே போகும். வெட்டி ஐந்து, பத்து வருடத்துக்குள் இருக்கிற மரம்தான் இந்தப் பூச்சிக்கு விருப்பம்.

இப்போது உங்கள் கடிதத்தைத் திரும்ப வாசித்துப் பாருங்கள். எண்பது வருடத்துக்கு மேல் ஒன்றும் ஆகாத பெட்டகம். மூன்று வருடத்துக்கு முன் புதுப் பலகை போட்டீர்கள். ஆறு மாதமாக மா கொட்டுகிறது. உளுத்தது அம்மம்மாவின் பெட்டகம் அல்ல, அந்தப் புதுப் பலகைதான் என்பது என் கணிப்பு. கண்ணுக்குத் தெரியாத அடிப்பலகைதானே என்று மாமரம், ரப்பர் மரம், அல்பீசியா என்று மலிவாகக் கிடைத்ததைப் போடுகிறார்கள். ரப்பர் மரத்தில் மாச்சத்து நிறைய. தொழிற்சாலையில் போரன் மருந்து ஏற்றிய ரப்பர் பலகை தாங்கும். மருந்து ஏற்றாத பச்சைப் பலகை உளுவுக்கு விருந்து.

அந்த வேலைக்காரரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, ஏனென்றால் அதே தவறை நானும் செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் மூதூரிலிருந்து ஒரு பழைய அலுமாரி திருத்தத்துக்கு வந்தது. முன்பக்கம் அவ்வளவும் முதிரை, பட்டுப் போல மினுங்கும். பின்பலகைக்கு நான் மாமரம் போட்டேன். எட்டு மாதத்தில் வீட்டுக்காரர் ஒரு கடதாசிச் சுருளில் தூளைக் கட்டிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார். அன்றிலிருந்து, கண்ணுக்குத் தெரியாத பலகைக்குத்தான் மரத்தைக் கூடுதலாகப் பார்த்து எடுக்கிறேன்.

என் கணிப்பு சரியா என்று நீங்களே பார்த்துவிடலாம். பெட்டகத்தை வெறுமையாக்கி, இரண்டு பேராகப் பிடித்து மெதுவாகப் பின்பக்கமாகச் சாய்த்து வையுங்கள். டோர்ச் வெளிச்சத்தைப் பலகையோடு ஒட்டிச் சரிவாகப் பிடியுங்கள். குண்டூசி முனையளவு வட்ட ஓட்டைகள் தெரியும். ஓட்டையின் விளிம்பு கூராக, உள்ளே மரம் வெளிறிப் புதிதாக இருந்தால் பூச்சி இப்போதும் இருக்கிறது. உள்ளே கறுத்துத் தூசி படிந்திருந்தால் அது பழைய கதை. அப்புறம் பெட்டகத்தின் கீழே கறுப்புக் கடதாசி விரித்து, எங்கெங்கே தூள் விழுகிறது என்று ஒரு கிழமை பாருங்கள். புதுப் பலகைக்கு நேர் கீழே மட்டும் குவிந்தால் வேறு சாட்சி தேவையில்லை. பெட்டகத்தைத் தட்டியோ இழுத்தோ அசைக்காமல் பார்க்க வேண்டும். அசைத்தால் பழைய தூளும் உதிர்ந்து நம்மை ஏமாற்றும்.

பலகையை எடுப்பதில் அவசரம் கூடாது. ஆணி துருப்பிடித்திருந்தால் நெம்பாதீர்கள், பழைய பக்கப்பலகை பிளந்துவிடும். பலகைக்கும் பெட்டகத்துக்கும் நடுவில் இரும்பு வாளின் அலகை விட்டு ஆணியை அறுத்தால் ஒரு கீறலும் இல்லாமல் கழன்று வரும். எடுத்த பலகையைக் கோடிப்புறத்தில் சாத்தி வைக்காமல் அன்றே எரித்துவிடுங்கள். சாத்தி வைத்தால் உள்ளே இருக்கும் புழு வண்டாகித் திரும்ப வரும்.

இனி மிச்சப் பெட்டகம். அதன் உட்பக்கமும் அடிப்பக்கமும் பொலிஷ் இல்லாத வெறும் மரமாகத்தான் இருக்கும். அதற்கு வெண்காரமும் போரிக் அமிலமும் போதும். ஒரு லீற்றர் சுடுதண்ணீரில் 60 கிராம் வெண்காரம், 40 கிராம் போரிக் அமிலம் போட்டுக் கரைத்து, ஆறியதும் தூரிகையால் பூசுங்கள். முதல் பூச்சு முழுதாகக் காயுமுன் அடுத்ததைப் பூசுங்கள். மூட்டுகளுக்கும் பலகையின் வெட்டுமுகங்களுக்கும் கூடுதலாகக் கொடுங்கள், மரம் குடிப்பது அங்கேதான். காய்ந்தபின் வெள்ளை பூத்தால் ஈரத்துணியால் துடைத்தால் சரி. பூணிலும் பூட்டிலும் தண்ணீர் தேங்க விடாதீர்கள். இந்த மருந்து பொலிஷைத் தாண்டி உள்ளே போகாது, ஆகவே வெளிப்பக்கத்தில் பூசிப் பிரயோசனமில்லை. கையுறை போடுங்கள். பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் அந்த வேலைக்குப் பக்கத்தில் விடாதீர்கள். உடுப்பையோ பாத்திரத்தையோ திரும்ப அடுக்குமுன் உள்ளே ஒரு துணி விரியுங்கள்.

பெர்மெத்ரின் கலந்த மர மருந்துகளும் கடையில் உண்டு. வேலை செய்யும். வீட்டில் பூனை இருந்தால் வேண்டாம், பூனைக்கு அது விஷம். மீன் தொட்டி இருந்தாலும் வேண்டாம்.

மண்ணெண்ணெய் பூசச் சொல்கிறவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. வேலிக் கட்டைக்கும் கூரை மரத்துக்கும் கழிவு ஒயில் பூசிப் பழகிய ஊர் இது. ஆனால் மண்ணெண்ணெய் பட்ட புழுதான் சாகும். ஆழத்தில் இருப்பது தப்பிவிடும், எண்ணெய் ஆவியாகிவிடும், மணமும் கறையும் மிஞ்சும். கழிவு ஒயில் பூசிய பழைய முதிரையை அதன் பொன்னிறத்துக்குத் திரும்பக் கொண்டுவர என்னால் இன்றுவரை முடிந்ததில்லை.

புதிதாகப் போடும் பலகைக்கு ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன். வேலைக்காரர் பலகையை அறுத்ததும், புது வெட்டுமுகத்தில், வெளிறிய பக்கத்தில், காயத்துக்குப் போடும் அயடீன் ஒரு துளி விடுங்கள். சோற்றில் அயடீன் பட்டால் எப்படி நீலமாகக் கறுக்குமோ அப்படிக் கறுத்தால் அதில் மாச்சத்து இருக்கிறது. அந்த வெள்ளையைச் சீவி எறிந்துவிட்டு வைரத்தை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். தேக்கு வைரம், முதிரை வைரம், கிடைத்தால் நம்மூரின் பெயரையே ஆங்கிலத்தில் தாங்கி நிற்கும் சாவண்டலையின் வைரம், எதுவும் நல்லது. அடிப்பலகைதானே என்று மட்டும் விடாதீர்கள்.

கதிரையில் விழுவது வேறு. அந்த ரவையை வெள்ளைக் கடதாசியில் போட்டு, பூதக்கண்ணாடி இல்லாவிட்டால் கைத்தொலைபேசியின் கமராவால் பெரிதாக்கிப் பாருங்கள். ஒவ்வொரு மணியும் ஒரே அளவில், ஆறு பட்டையோடு இருந்தால் அது உலர்மரக் கறையானின் எச்சம். நமக்குப் பழக்கமான கறையான் மண்ணிலிருந்து புற்று இழுத்துக்கொண்டு சுவரில் ஏறும். இதற்கு மண்ணும் வேண்டாம், ஈரமும் வேண்டாம். ஒரு கதிரைக் காலுக்குள்ளேயே கூட்டமாகக் குடியிருக்கும். எச்சத்தை மட்டும் ஒரு சின்னத் துவாரத்தால் வெளியே தள்ளிவிட்டு, துவாரத்தைத் திரும்ப அடைத்துக்கொள்ளும்.

திருப்புளியின் பிடியால் அந்தக் காலை மேலிருந்து கீழாக மெதுவாகத் தட்டிக்கொண்டு வாருங்கள். நல்ல மரம் கணீர் என்னும். தின்ற இடம் காலிப்பெட்டி போலச் சத்தம் கொடுக்கும். சத்தம் மாறுகிற இடத்தின் மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் சோக்கால் அடையாளம் செய்யுங்கள். ஒரு சாண் அளவுக்குள் நின்றால், நான் சொன்ன போரிக் கரைசலையே இளஞ்சூட்டில் ஊசியில் ஏற்றி, எச்சம் விழும் துவாரத்தால் செலுத்தலாம். துவாரம் ஒன்று போதாவிட்டால் காலின் உட்பக்கத்தில், கண்ணில் படாத இடத்தில், மெல்லிய துளை இரண்டு போடுங்கள். ஒரு கிழமை விட்டு இன்னொரு முறை ஏற்றுங்கள். ரவை விழுவது நின்று மூன்று மாதம் போனபின் மெழுகால் அடையுங்கள்.

சத்தம் கால் முழுதும் மாறினால் வெயில்தான் வழி. மரத்தின் நடுப்பகுதி 55 பாகை செல்சியஸை எட்டி ஒரு மணித்தியாலம் நின்றால் பூச்சியும் முட்டையும் தப்பாது. கச்சான் வீசும் யூன், யூலை, ஆகஸ்ட் மாதங்களில் நம் வெயில் அதற்கு உதவும். கதிரையைப் பருத்திப் போர்வையால் சுற்றி, அதற்கு மேல் கறுப்புப் பொலித்தீனால் காற்றுப் புகாமல் கட்டி, காலை பத்து மணிக்கு முற்றத்தில் வையுங்கள். காலின் தடிப்பில் ஒரு விறகுத் துண்டை எடுத்து, நடுவரை துளைத்து, அதற்குள் வெப்பமானியைச் செருகிக் கதிரையோடு சேர்த்துக் கட்டுங்கள். அது 55 காட்டுகிறதா என்று பார்க்காமல், வெயிலில் வைத்தேன் என்பதில் ஒன்றும் இல்லை. வெறுமனே வெயிலில் வைத்தால் மரம் காய்ந்து வெடிக்கும். பொதிக்குள் இருக்கும்போது மரத்தின் ஈரம் வெளியேறாது, வெடிப்பதும் குறைவு. 60 ஐத் தாண்ட விடாதீர்கள். நல்ல அரக்குப் பொலிஷ் இருக்கிற கதிரையென்றால் இந்த முறை வேண்டாம். ஒரு சின்ன நகைப்பெட்டியை நான் இப்படி வெயிலில் வைத்து, பொலிஷ் இளகி, சுற்றிய துணியின் இழை முழுதும் மூடியில் அச்சாக விழுந்துவிட்டது. பிரம்புப் பின்னல் உலர்ந்து நொறுங்குகிற நிலையில் இருந்தாலும் முதலில் வேலை தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

இடியப்ப உரலுக்கு எந்த மருந்தும் பூசக் கூடாது. வாய்க்குப் போகிற சாமான். அதற்குக் குளிர். அச்சைக் கழற்றி எடுத்துவிட்டு, உரலை நிழலில் நன்றாகக் காயவிட்டு, பழைய வேட்டித் துணியால் சுற்றி, இரண்டு பொலித்தீன் பைகளுக்குள் போட்டு, காற்றை அமுக்கி எடுத்து டேப் ஒட்டுங்கள். மீன் வைக்கும் டீப் ப்ரீசர் யாரிடமாவது இருக்கும், நம்மூரில் அதற்குப் பஞ்சமில்லை. மைனஸ் 18 பாகைக்குக் கீழே, அதாவது உறைநிலைக்கும் 18 பாகை கீழே, இரண்டு கிழமை இருக்க வேண்டும். சாதாரணக் குளிர்சாதனப் பெட்டியின் ஐஸ் தட்டு அவ்வளவு குளிர்வதில்லை. இடையில் நீண்ட நேரம் கரண்ட் போனால் திரும்ப முதலிலிருந்து எண்ணுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறந்துவிடாதீர்கள். ஒரு முழுநாள் அப்படியே இருக்கட்டும். வேர்க்கிற தண்ணீர் பையின் வெளிப்பக்கத்தோடு நிற்கும், மரத்தில் பிடிக்காது. பிறகு ஊசியால் ஓட்டைத் தூளைக் கிளறி எடுத்து, கழுவிக் காயவைத்து, தேங்காய் எண்ணெய் ஒரு துளி தடவினால் அடுத்த நாளே மா பிழியலாம்.

கூரையைப் பற்றிக் கேட்டீர்கள். வளை முதிரையோ பனையோ வைரமாக இருந்தால் உளு அங்கே ஏறாது. கதிரையில் இருப்பது ஏறலாம், அதுதான் கவனிக்க வேண்டியது. பொழுதுபட்ட நேரத்தில் விளக்கடியிலோ யன்னல் ஓரத்திலோ உதிர்ந்த சிறகுகள் கிடக்கின்றனவா என்று பாருங்கள். வளைக்கு நேர் கீழே அதே ரவை விழுந்தால், அப்போது பூச்சி ஒழிப்பவர்களைக் கூப்பிடுங்கள். அதுவரை கதிரையை ஒரு பொலித்தீனால் மூடித் தனியே வையுங்கள்.

எல்லாம் செய்தபின் அந்தக் கறுப்புக் கடதாசியைத் திகதி எழுதி மறுபடி விரித்து, மாதம் ஒருமுறை பாருங்கள். ஒரு மாரியும் ஒரு கோடையும் முழுதாகப் போகும்வரை பெட்டகத்தின் ஓட்டைகளை அடைக்காதீர்கள். அடைத்துவிட்டால் புது ஓட்டை எது என்று தெரியாமல் போய்விடும்.

ஒரு உதவி. கழற்றிய பழைய அடிப்பலகையை அந்த வேலைக்காரர் எங்கே போட்டார் என்று கேட்டுப் பாருங்கள். உக்காத மூலை ஒன்று விறகுக் கொட்டிலில் கிடந்தாலும் போதும். உள்ளங்கையளவு துண்டை ஈரத்துணியால் துடைத்து, வெட்டுமுகம் தெரியப் படம் எடுத்து அனுப்புங்கள். முதலில் என்ன மரம் போட்டிருந்தார்கள் என்று பார்த்துவிட்டு, புதுப் பலகைக்கு எது பொருந்தும் என்று எழுதுகிறேன்.